கிராமத்தில் கவுன்சலிங்: நிபுணர் எப்போதாவது வருவதா, ஊர்க்காரருக்கே பயிற்சியா?

வரப்போரம்:
கிராமத்துச் சுகாதார நிலையத்தில் எப்போதாவது ஒருநாள் நிபுணர் வந்து நடத்தும் மனநல ஓ.பி.யை நிறுத்திவிட்டு, ஊரிலேயே இருக்கும் நாலு பேருக்குப் பயிற்சி கொடுத்து வாராவாரம் கவுன்சலிங் செய்யவிடலாம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பலர் அவரைக் கிண்டல் செய்தீர்கள். நான் அவர் பக்கம்.

கவுன்சலிங் ஒருமுறை வந்து சீட்டு வாங்கிப்போகும் வேலை இல்லை. மனச்சோர்வுக்கு ஆறேழு வாரமாவது தொடர்ந்து பேசவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி யார் வருவார்கள்? ஜிம்பாப்வேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்ற ஒரு இளம்பெண், மறுபடி மருத்துவமனைக்கு வரப் பஸ் காசு இல்லாத நிலையில் இறந்துபோனார். அதன் பிறகுதான் அவர் 2006-இல் ஹராரேயில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பாட்டிகளிடம் பேசியவர்களுக்குத்தான் அறிகுறிகள் குறைவு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

எதிர்க்காற்று:
ஹராரே ஒரு தலைநகரம் சார். நகரத்தில் பெஞ்சில் இருக்கும் பாட்டி உங்களுக்கு யாரோ ஒருவர். இருநூறு வீடு உள்ள ஊரில் அதே பாட்டி உங்கள் மாமியாரின் அக்காவாக இருப்பார். அவரிடம் போய் ‘என் கணவர் அடிக்கிறார்’ என்று எந்தப் பெண் சொல்வாள்?

இன்னொன்று எனக்கு நிஜமாகவே எரிச்சல் தருகிறது. நகரத்தில் இருப்பவருக்குப் பல வருஷம் படித்த உளவியலாளர், கிராமத்தில் இருப்பவருக்கு இரண்டு வாரம் பயிற்சி எடுத்தவரா? சோர்வாக இருக்கிறது என்று வருபவருக்குத் தைராய்டு குறைபாடு இருக்கலாம். இன்று சோர்ந்து கிடப்பவர் போன வருஷம் தூக்கமே இல்லாமல், கையில் இருந்ததையெல்லாம் செலவழித்துத் திரிந்தவராக இருக்கலாம். அது இருமுனைக் கோளாறு. சாதாரண மனச்சோர்வு என்று நினைத்து மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். இதையெல்லாம் ஊர்க்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

செவிலி மலர்:
ஹராரே நகரம் என்பது சரி. ஆனால் கிராமத்து ஆய்வுகளும் இருக்கின்றன. பாகிஸ்தானில் ராவல்பிண்டியின் கிராமப் பகுதியில், கர்ப்பகாலத்தில் மனச்சோர்வு வந்த 903 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2008-இல் வந்தது. கவுன்சலிங் செய்தவர்கள் ஏற்கெனவே வீடுவீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்கள். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனபோது கவுன்சலிங் பெற்ற தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நீடித்தது. மற்ற தாய்மார்களில் 53 சதவீதம் பேருக்கு.

எண்ணை விடுங்கள், அது நடந்த விதத்தைப் பாருங்கள். அந்தப் பணியாளர் ‘உனக்கு மனநோய், வைத்தியம் பார்க்க வந்தேன்’ என்று கதவைத் தட்டவில்லை. குழந்தையின் எடை, தாயின் சாப்பாடு என்று ஆரம்பித்து அதன் ஊடாகத்தான் பேச்சு நடந்தது. மாமியாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் பேரக்குழந்தையின் நலம் சம்பந்தப்பட்டது. எதிர்க்காற்று கேட்ட ரகசியப் பிரச்சினைக்கு இதுதான் பதில். யார் பேசுகிறார் என்பதைவிட எந்த வாசல் வழியாக உள்ளே போகிறார் என்பதில்தான் விஷயம்.

எதிர்க்காற்று:
மலர் சொன்னது நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் கோவாவில் 24 சுகாதார மையங்களில் நடந்த ‘மானஸ்’ ஆய்வையும் (2010) படியுங்கள். அங்கே சாதாரண கவுன்சலர், அதாவது நிபுணர் அல்லாமல் பயிற்சி மட்டும் பெற்றவர், தனியாக விடப்படவில்லை. கூடவே மருத்துவர் இருந்தார், மனநல மருத்துவர் வந்து போனார். அப்படியிருந்தும் அரசு மையங்களில் பலன் தெரிந்தது, தனியார் மருத்துவர்களிடம் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆக வேலை செய்தது ‘ஊர்க்காரர்’ மட்டும் இல்லை, அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடும்தான். ஆய்வுக்குப் பணம் இருக்கும்வரை மேற்பார்வை இருக்கும். பணம் தீர்ந்ததும் முதலில் காணாமல் போவது அந்த மேற்பார்வைதான். அப்புறம் மிஞ்சுவது ஒரு நாற்காலி, ஒரு பதிவேடு, எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

டிஜிட்டல் தாசன்:
இவ்வளவு சண்டை எதற்கு? வீடியோ கால் இருக்கிறதே. நிபுணர் நகரத்தில் இருக்கட்டும், நோயாளி வீட்டில் இருக்கட்டும்.

செவிலி மலர்:
எந்த வீட்டில்? ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் வீட்டிலா? போன் யார் கையில் இருக்கும்? பல வீடுகளில் கணவரிடமோ மகனிடமோ.

காதுகொடுப்பவன்:
நான் உளவியல் படித்தவன். கிராமத்துக் கிளினிக்குகளுக்குப் போய் ஓ.பி. பார்க்கிறேன். அதனால் எதிர்க்காற்று என்னைத் தன் கட்சி என்று நினைக்கலாம், பாதிதான் உண்மை.

முதலில் பலகை. ‘மனநலப் பிரிவு’ என்று தனி அறைக்கு வெளியே மாட்டினால் ஆள் வராது. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் அதே வரிசையில் உட்கார்ந்து, அதே செவிலி பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்விப் பட்டியலில் உள்ளதைக் கேட்டால் பதில் வரும். ஒன்பது கேள்விகள்தான், சில நிமிஷம் போதும். ஒன்பதாவது கேள்வி சாக நினைப்பது பற்றியது. அதற்கு ‘சில நாள் தோன்றும்’ என்று பதில் வந்தாலே அவரை அன்றைக்கு அப்படியே அனுப்பக்கூடாது. எப்படி என்று யோசித்திருக்கிறாரா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, அதை யாரிடம் கொடுத்துவைக்கலாம், இன்றிரவு கூட யார் இருப்பார் என்று நேராகக் கேட்கவேண்டும். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகிவிடும் என்பது வெறும் பயம். விவசாய ஊர்களில் பூச்சிமருந்தை எட்டாமல் வைப்பது பல மணி நேரப் பேச்சுக்குச் சமம். இலங்கையில் 1995 வாக்கில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பிறகு மூன்றில் இரண்டு பங்குக்குமேல் குறைந்ததற்கு, கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது முக்கியக் காரணம். இந்தக் கேள்விகளைக் கேட்க என் பட்டம் தேவையில்லை. ‘ஆம்’ என்று பதில் வந்தால் உடனே கூப்பிட ஒரு எண் தேவை, அவ்வளவுதான்.

அப்புறம், சின்ன ஊரில் நோயாளியைத் தெருவில் பார்க்காமல் இருக்கமுடியாது. அதனால் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: ‘வெளியில் பார்த்தால் நானாக வணக்கம் வைக்கமாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன்.’ ஊர்க்கவுன்சலருக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கவேண்டும். சொந்தக்காரர் வந்தால் பக்கத்து ஊர்க் கவுன்சலரிடம் அனுப்பவேண்டும்.

நிறையப் பேர் ஒருமுறை வந்ததோடு சரி. நடவு, அறுவடை வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் குழந்தைப் பருவத்தைத் தோண்டுவதை முதல் நாள் வைத்துக்கொள்வதில்லை. விட்டுப்போன வேலைகளில் சின்னதாக ஒன்றை எடுத்து, எந்த நாள் எந்த நேரம் செய்வது என்று குறித்துக்கொடுத்து அனுப்புகிறேன். திரும்ப வராவிட்டாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

எதிர்க்காற்று:
இது நியாயம். என் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: உங்கள் மாதிரி ஆள் வராத ஊரில் அந்தக் கவுன்சலர் தப்பாகப் பேசினால் யாருக்குத் தெரியும்?

வரப்போரம்:
அதற்கும் வழி பார்த்திருக்கிறார்கள். கோவாவிலேயே 2017-இல் வெளியான இன்னொரு ஆய்வில், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சாதாரண கவுன்சலர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நீங்கியது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். அங்கே கவுன்சலர்கள் பேச்சுகளின் ஒலிப்பதிவைக் கூடியிருந்து கேட்டு ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். நிபுணர் எல்லாவற்றுக்கும் கூடவே இருக்கத் தேவைப்படவில்லை.

எதிர்க்காற்று:
ஒலிப்பதிவா? ரகசியம் போய்விடும் என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன், நீங்கள் பதிவுசெய்து நாலு பேருக்குப் போட்டுக்காட்டச் சொல்கிறீர்கள்!

செவிலி மலர்:
சம்மதம் கேட்டுத்தான். வேண்டாம் என்றால் பதிவில்லை, சேவை மட்டும் உண்டு. பெயருக்குப் பதில் எண். கேட்பவர்கள் வேறு வட்டாரத்து கவுன்சலர்கள். கேட்டதும் அழித்துவிடவேண்டும்.

எதிர்க்காற்று:
குரலுக்கு என்ன எண் போடுவீர்கள்? சரி, வேறு வட்டாரம் என்பதை விதியாகவே எழுதிவைத்தால் நான் இறங்கிவருகிறேன். நிபுணர் வரும் நாளை நிறுத்துவதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

காதுகொடுப்பவன்:
அதை நிறுத்தச் சொன்னது வரப்போரம்தான். நான் அடுத்த முறையும் போகத்தான் போகிறேன்.