அண்டார்டிகா கப்பல் கடைசி நேரத்தில் ரத்து: பியூனஸ் அயர்ஸில் நிற்கிறோம், என்ன செய்யலாம்?

நெய்தல்:
நாளை மறுநாள் அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவில் நாங்கள் ஏற வேண்டிய கப்பல் எந்திரக் கோளாறால் புறப்படாது என்று இன்று காலை மின்னஞ்சல் வந்தது. அம்மாவும் நானும் பியூனஸ் அயர்ஸ் வந்து சேர்ந்துவிட்டோம். அம்மா பள்ளியில் புவியியல் நடத்தியவர். அண்டார்டிகாவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அடுத்த பருவத்துக்குக் கூடுதல் மதிப்புள்ள வவுச்சர், அல்லது முழுப் பணம் என்கிறது நிறுவனம். பணம் எப்போது வரும் என்று மட்டும் சொல்ல மறுக்கிறார்கள். உஷுவாயாவுக்கான விமான டிக்கெட்டை நாங்களே தனியாக எடுத்திருந்தோம். இது டிசம்பர் நடுப்பகுதி. ஜனவரி முதல் வாரம் வரை விடுப்பு இருக்கிறது. வேறு கப்பல் கிடைக்குமா? ஊர் திரும்பிவிடுவதா? தயவுசெய்து சொல்லுங்கள்.

பனிவழி:
முதலில் அந்த மின்னஞ்சலுக்குச் சம்மதம் என்று பதில் அனுப்பாதீர்கள். வவுச்சரை ஒப்புக்கொண்டால் பணம் கேட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். ரத்து செய்தது நிறுவனம்தான், காரணம் எந்திரக் கோளாறு என்று தெளிவாக எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனமும் கிரெடிட் கார்டு வங்கியும் முதலில் கேட்பது அதைத்தான். ஹோட்டல், விமான ரசீதுகளையும் ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள்.

உஷுவாயா டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். விலைபோகாத கேபின்களைக் கடைசி நேரத்தில் விற்கும் ஏஜென்ட்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். இன்றே எழுதிக் கேளுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நேரத்தில் பெரிய தள்ளுபடியை எதிர்பார்க்க முடியாது. உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் நகருக்குள் இருக்கும் ஏரோபார்க்கே நிலையத்திலிருந்து கிளம்புகின்றன, பன்னாட்டு விமானங்கள் வரும் எசெய்சாவிலிருந்து அல்ல. டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்காகம்:
நெய்தல், இந்த மாதத்தை விட்டுவிடாதீர்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும்தான் ஜென்டூ பெங்குயின் குஞ்சுகள் பொரித்து வெளிவரும். திமிங்கிலங்களுக்குப் பிப்ரவரியும் மார்ச்சும் இன்னும் நல்லது, உண்மைதான். ஆனால் அம்மா முதல் முறையாகப் பார்க்கப் போகிறார். அவருக்கு அந்தக் குஞ்சுகள் கிடைக்கட்டும்.

எந்தக் கப்பல் என்றாலும் எத்தனை பயணிகள் என்று கேட்டுவிடுங்கள். 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்கள் யாரையும் கரையில் இறக்குவதில்லை. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கவும் கூடாது. அதனால் சிறிய கப்பலில்தான் காலில் பனி மிதிக்க அதிக நேரம் கிடைக்கும். விலை குறைவு என்று பெரிய கப்பலுக்குப் போனால் மேல்தளத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே இருக்கும் டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் போய்விடும். சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து அண்டார்டிகா பக்கம் இருக்கும் கிங் ஜார்ஜ் தீவுக்கு இரண்டு மணி நேரத்தில் விமானத்தில் போய் அங்கே கப்பலேறும் பயணங்களும் உண்டு. மூடுபனி இறங்கினால் விமானத்துக்காகக் காத்திருக்க நேரும். சிலி விசா வேண்டுமா, அர்ஜென்டினாவுக்குள் மீண்டும் நுழைய உங்கள் விசா இடம் தருமா என்று பார்க்காமல் அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

நெய்தல்:
நன்றி. ஜூன் மாத ஸ்வால்பார்டு பயணத்துக்கு மாற்றித் தருகிறோம் என்று இப்போது புதிதாகச் சொல்கிறார்கள். அதுவும் துருவம்தானே என்கிறார்கள்.

பனிவழி:
பெங்குயின் அங்கே கிடையாது. அது வடதுருவப் பக்கம் இருக்கும் நார்வேயின் தீவுக்கூட்டம், பனிக்கரடி வாழும் இடம். அழகான இடம், ஆனால் அம்மா கேட்டது அதுவல்லவே. தவிர, ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை என்றாலும் நார்வே வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தீவுகள், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எல்லைக்கு வெளியே இருப்பதால் இருமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். மறுத்துவிடுங்கள்.

நெய்தல்:
மறுத்துவிட்டேன். கடிதம் வந்தது, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன். உஷுவாயா ஏஜென்ட் ஒருவர் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் புறப்படும் சிறிய கப்பலில் இருவருக்குக் கேபின் இருக்கிறது என்கிறார். ஜனவரி முதல் வாரத்துக்குள் கரை திரும்பிவிடும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அது மட்டும்தான் கவலை.

கடற்காகம்:
கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறங்கிக் கரையேற வேண்டும். பணியாளர்கள் கையைப் பிடித்து இறக்குவார்கள். முழங்கால் வலியைக் கப்பல் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கான இன்சூரன்ஸ் இல்லாமல் ஏற விடமாட்டார்கள். உங்கள் பாலிசி பழைய தேதிகளோடு முடிந்துவிடும், பணம் கட்டும் முன் புதிய தேதிவரை நீட்டியாக வேண்டும். கரையில் போடும் பூட்ஸ் கப்பலில் தருவார்களா என்பதையும் இன்றே கேளுங்கள். இல்லையென்றால் உஷுவாயாவில் வாடகைக்கு எடுக்கலாம்.