மளிகை, பெட்ரோலுக்கு எந்தக் கார்டைத் தேய்ப்பது?

ஈரோட்டான்:
வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது, கையில் வருவது 31,000. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலிருந்து வாரத்துக்கு இரண்டு போன், "சார், ஒரு லட்சம் லிமிட்டில் கார்டு ரெடி, லைஃப்டைம் ஃப்ரீ" என்று. இதுவரை டெபிட் கார்டும் யுபிஐயும்தான். மளிகை, பெட்ரோல், மாதம் இரண்டு மூன்று ஆன்லைன் ஆர்டர், அவ்வளவுதான் என் செலவு. ஆபீசில் எல்லோரும் பாயின்ட், கேஷ்பேக் என்றே பேசுகிறார்கள். அப்பாவோ "கையில காசு இருக்கறப்ப எதுக்குடா கடன் அட்டை" என்கிறார். இந்தச் சின்னச் செலவுக்குக் கிரெடிட் கார்டு வாங்குவதில் நிஜமாகவே பிரயோஜனம் உண்டா?

ராத்திரி_ஷிப்ட்:
பாயின்டை விடுங்கள், உங்கள் செலவுக்கு வருடம் முழுக்கத் தேய்த்தாலும் ஒரு நல்ல செருப்பு வாங்கலாம். விஷயம் வேறு. மூன்று வருடம் முன்பு விடியற்காலை எழுந்து போனைப் பார்த்தால் டெபிட் கார்டிலிருந்து 23,000 ரூபாய் போயிருக்கிறது, ஏதோ வெளிநாட்டுத் தளம், ஓடிபியே கேட்கவில்லை (வெளிநாட்டுத் தளங்கள் பல அப்படித்தான், கார்டு எண்ணும் பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும் போதும்). உடனே கார்டை பிளாக் செய்து புகார் கொடுத்தேன். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த திருட்டை மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் கிடையாது, சொன்ன பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் போட வேண்டும். போட்டார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தப் பத்து நாளுக்குள் என் வாடகை நாள் வந்தது, பைக் இஎம்ஐ பவுன்ஸ் ஆனது, அதற்கு ஒரு அபராதம். இதே திருட்டு கிரெடிட் கார்டில் நடந்திருந்தால் பில்லில் ஒரு வரி தகராறில் நிற்கும், என் சம்பளம் என் கணக்கிலேயே இருக்கும். அன்றிலிருந்து ஆன்லைனில் டெபிட் கார்டு எண்ணை எங்கும் போடுவதில்லை, அது ஏடிஎம்முக்கு மட்டும்.

மினிமம்_டியூ:
மேலே சொன்னது சரி, ஆனால் நான் மாட்டியது அடுத்த பக்கத்தில். 18,000 பில், கையில் பணம் இல்லை, "மினிமம் கட்டினால் போதும்" என்று 900 கட்டினேன். என் கார்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம், 18,000க்கு 630, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 113. நான் கட்டிய 900இல் கடன் குறைந்தது 150 சொச்சம்தான்! அதை விடக் கொடுமை, வட்டியைக் கெடு முடிந்த நாளிலிருந்து போட மாட்டார்கள், பொருள் வாங்கிய நாளிலிருந்தே போடுவார்கள், பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வெளியே வர ஏழு மாதம் ஆனது. ஆகவே வாங்கினால் அன்றைக்கே ஆட்டோ டெபிட் போடுங்கள், அதில் "மினிமம்" என்றும் "டோட்டல்" என்றும் இரண்டு இருக்கும், டோட்டலைத்தான் தேர்வு செய்ய வேண்டும். லிமிட் ஒரு லட்சம் எதற்கு? ஆப்பில் 20,000ஆகக் குறைத்து வையுங்கள். ஏடிஎம்மில் மட்டும் அதைச் சொருகவே கூடாது, எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும், தனியாகக் கட்டணமும் உண்டு.

கடைவீதி:
தம்பி, நான் மளிகைக் கடை வைத்திருப்பவன், கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்கள். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து எங்களிடம் கட்டணம் பிடிப்பதில்லை. கிரெடிட் கார்டு தேய்த்தால் எனக்குச் சுமார் 2 சதவீதம் போகும். 1,500 ரூபாய் சாமானுக்கு 30 ரூபாய், சர்க்கரையிலும் எண்ணெயிலும் எனக்கு நிற்பதே அவ்வளவுதான். அதனால்தான் சின்னக் கடையில் "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேர்த்துக் குடுங்க" என்பார்கள், அப்படிக் கேட்பது சரியில்லைதான், ஆனாலும் கேட்பார்கள். உங்களுக்கு வரும் கேஷ்பேக் அங்கேயே காலி. தெருக் கடையில் யுபிஐயே போதும். பெட்ரோல் பங்கில் 1 சதவீதம் சர்சார்ஜ் பிடிப்பார்கள், பல கார்டுகளில் அது திரும்ப வரும், அதன் மேல் போட்ட ஜிஎஸ்டி வராது.

ஈரோட்டான்:
ரொம்ப நன்றி. அப்போ மளிகைக்கு யுபிஐ, பெட்ரோலுக்கும் ஆன்லைனுக்கும் கிரெடிட், டெபிட் வீட்டில் தூங்கட்டும். ராத்திரி_ஷிப்ட் எழுதியதைப் படித்துவிட்டு ஆப்பைத் திறந்து பார்த்தேன், என் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்துதான் இருக்கிறது. அப்பாவின் பழைய கார்டில் திறந்தே கிடந்தது, அவர் எதிரிலேயே அணைத்தேன், "இதெல்லாம் வேற இருக்கா" என்றார். இன்னொரு சந்தேகம், சம்பளம் மாதக் கடைசி நாள் வரும், பில் தேதி எப்படி வைத்துக்கொள்வது?

மினிமம்_டியூ:
15ஆம் தேதி பில் போடச் சொல்லுங்கள், கெடு அடுத்த மாதம் 3, 4 தேதி வாக்கில் விழும், சம்பளம் வந்த சூட்டோடு போய்விடும். பில் சுழற்சியைக் குறைந்தது ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள விட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது, போனில் "முடியாது சார்" என்றால் மெயிலில் கேளுங்கள். பெரிய செலவு ஏதாவது இருந்தால் 16ஆம் தேதி வாங்குங்கள், ஐம்பது நாள் வரை கிடைக்கும். 14ஆம் தேதி வாங்கினால் இருபதுதான்.