நாவலைத் திருத்தும்போது எந்தப் பாத்திரங்களையெல்லாம் வெளியே அனுப்பினீர்கள்?

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வரைவைப் படித்துப் பார்த்த நண்பர் கேட்ட முதல் கேள்வி: "சுந்தரமும் சுந்தரியும் அண்ணன் தங்கையா?" இல்லை. இருவரும் நாவலில் ஒருமுறைகூடச் சந்தித்துக்கொள்வதில்லை!

சுந்தரி கதைக்கு வேண்டியவள். சுந்தரம், கதாநாயகனின் சக ஊழியர். 9 அத்தியாயங்களில் வந்தார். வரும்போதெல்லாம் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பார், அவன் சொல்வான். வாசகருக்குத் தெரிய வேண்டியதை அவன் வாயிலிருந்து வரவழைக்க நான் உட்கார வைத்திருந்த ஒரு ஜோடிக் காது, அவ்வளவுதான்.

தூக்குவது என்று முடிவெடுத்தேன். கணினியில் 'சுந்தரம்' என்று தேடி, வந்த இடங்களையெல்லாம் சரிசெய்து, வேலை முடிந்தது என்று நினைத்தேன். 'சுந்தரத்திடம்', 'சுந்தரத்தை' எல்லாம் அப்படியே இருந்தன. வேற்றுமை உருபு சேர்ந்தால் மகரம் போய்விடும் என்பது பள்ளிப் பாடம். தேடும்போது நினைவு வரவில்லை. சரி என்று 'சுந்தர' வரை தட்டித் தேடினால் சுந்தரியும் கூட்டமாக வந்து நின்றாள். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் நீக்கினேன். அதிலும் தப்பியது ஒன்று உண்டு: 14ஆம் அத்தியாயத்தில் இரண்டே பேர் இருக்கும் அறையில் "மூவரும் எழுந்தார்கள்". பெயர் இல்லாத இடத்தில் ஆள் ஒளிந்திருந்தால் எந்தத் தேடலும் பிடிக்காது. அச்சில் எடுத்து, வாய்விட்டுப் படித்தபோதுதான் மாட்டியது.

கேட்க ஆளில்லாமல் போனதும் கதாநாயகன் வேறு மாதிரி ஆகிவிட்டான். முன்பு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தவன், இப்போது ஒரு எண்ணை அழுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் துண்டிக்கிறான். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது; பழைய உரையாடல் 6 பக்கம்.

* * *

உங்களைப் போல் நான் நீக்கவில்லை, என் நாவலில் இரண்டு தோழிகளை ஒருத்தியாக்கினேன். இருவரும் செய்தது ஒரே வேலை: நாயகிக்கு ஆறுதல். சேர்த்த பிறகுதான் வில்லங்கம். ஒருத்திக்கு 4ஆம் அத்தியாயத்திலேயே ரகசியம் தெரியும், மற்றவள் 17இல் "எனக்கு ஏன் யாருமே சொல்லல?" என்று அழுவாள். இப்போது இரண்டும் ஒரே ஆள். அழுகையை எடுத்துவிடத்தான் போனேன். கை வரவில்லை. தெரிந்துகொண்டே தெரியாதவள் போல் அழுகிறாள் என்று வைத்துப் பார்த்தேன். அதுவரை சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தவள்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. 4இலிருந்து 17 வரை அவள் பேசும் வரிகளை மட்டும் மறுபடி எழுதினேன். மூன்று வாரம் ஆயிற்று.

* * *

எல்லோரையும் வெட்டித் தள்ள வேண்டியதில்லை என்பது என் கட்சி. கேம்பிரிட்ஜில் 1927இல் ஆற்றிய உரைகளில், பாத்திரங்களைத் தட்டையானவை (ஒரே குணத்தைச் சுற்றி அமைந்தவை), முழுமையானவை என்று பிரித்த ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டரே தட்டைப் பாத்திரங்களின் பயனையும் சொல்கிறார்: வந்த உடனே அடையாளம் தெரியும், நினைவிலும் நிற்கும். என் நாவலில் ஒரு காவலாளி மூன்று இடங்களில் கதவு திறப்பார். அவருக்குப் பெயர், சொந்த ஊர், முழங்கால் வலி என்று எல்லாம் கொடுத்திருந்தேன். படித்த இருவரும் கடைசிவரை அவர் ஏதோ செய்யப்போகிறார் என்று காத்திருந்தார்களாம். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். முழங்கால் வலி இருக்கிறது. கதவு மெதுவாகத் திறக்க அது வேண்டும்.

* * *

முதலில் எழுதியவன்தான். சுந்தரியின் பெயரை மாற்றினீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. இனிக் குழப்புவதற்குத்தான் ஆள் இல்லையே.