கண்டாங்கிக் கடை: 640 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வந்தது நான்கு. எங்கே தவறினேன்?

கேட்டவர்: கைத்தறிக் கடை, காரைக்குடி

அப்பா காலத்துக் கடை. கண்டாங்கிச் சேலை மட்டுமே விற்கிறோம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் தேடி வருவது கூடியிருக்கிறது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்களால்தான் எங்களுக்குப் பாதி வியாபாரம். ஊர் திரும்பியதும் அவர்களோடு தொடர்பு விட்டுப்போகிறது.

அதனால் கல்லாவில் ஒரு நோட்டு வைத்து மூன்று வருடத்தில் 240 மின்னஞ்சல் முகவரிகள் எழுதி வாங்கினேன். தீபாவளிக்கு முன்பு ஒருவர், கைத்தறி வாங்குகிறவர்கள் என்று சொல்லி 400 முகவரிகளை விலைக்குக் கொடுத்தார். எல்லாவற்றையும் பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத இடத்தில்) போட்டு என் இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து அனுப்பினேன். பாதியிலேயே வரம்பு தாண்டிவிட்டது என்று நின்றுவிட்டது. மீதியை மறுநாள் அனுப்பினேன்.

131 திரும்பி வந்தன. வந்த நான்கு பதில்களில் ஒன்று, "என் முகவரி உங்களுக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டது. இப்போது பழைய வாடிக்கையாளர் ஒருவருக்குத் தனியாக எழுதினாலும் ஸ்பாமில், அதாவது வேண்டாத அஞ்சல் பெட்டியில், போய் விழுகிறது. எதைச் சரிசெய்வது?

பதில்: மின்னஞ்சல் சேவையகம் பராமரிப்பவர், கோவை

சகோதரி, முதலில் அந்த 400 முகவரிகளையும் அழித்துவிடுங்கள். அவர்களில் ஒருவர்கூட உங்களைக் கேட்டு வந்தவர் இல்லை. விற்பனைப் பட்டியல்களில் செத்துப்போன முகவரிகள் நிறைய இருக்கும். அவற்றுக்கு அனுப்பித் திரும்பி வரும் ஒவ்வொரு கடிதமும் அனுப்புகிறவரின் பெயரைக் கெடுக்கும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது கூகுள் சொல்லும் அளவு. 640 கடிதங்களுக்குக் கணக்குப் போட்டால், இரண்டு பேர் புகார் பொத்தானை அழுத்தினாலே எல்லைக்கு வந்துவிடுவீர்கள்.

இலவச ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 500 பெறுநர்தான் உச்சவரம்பு. அது வீட்டுக் கடிதங்களுக்கான கணக்கு. கடையின் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர், வாங்குங்கள். மொத்தமாக அனுப்பும் சேவை ஒன்றில் அதை இணைத்து எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் போடச் சொல்லுங்கள். இந்தக் கடிதம் உண்மையிலேயே உங்கள் கடையிலிருந்து வந்ததா என்று பெறுகிற பக்கம் சரிபார்ப்பது அவற்றை வைத்துத்தான். நாளுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் மூன்றும் கட்டாயம். உங்களுக்கு அந்த அளவு வராது; ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். விலகுவதற்கான இணைப்பு ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கட்டும்.

அடுத்தது நோட்டு. கையெழுத்தில் ஒன்று என்ற எண்ணும் 'எல்' எழுத்தும், பூஜ்யமும் 'ஓ'வும் ஒன்றுபோலவே இருக்கும். புள்ளியா அடிக்கோடா என்றும் தெரியாது. கல்லாவில் ஒரு கியூஆர் அட்டை வைத்து, வாடிக்கையாளரையே அவருடைய கைபேசியில் தட்டச்சு செய்ய விடுங்கள். உடனே ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் போகட்டும். அதிலுள்ள இணைப்பை அழுத்தியவர் மட்டுமே பட்டியலில் சேரட்டும். எண்ணிக்கை குறையும்தான், ஆனால் இருப்பவர்கள் எல்லோரும் உங்களை அறிந்தவர்களாக இருப்பார்கள்.

பதில்: ஜவுளி வியாபாரி, ஈரோடு

இவ்வளவு பாடு எதற்கு? வாட்ஸ்அப் போதுமே.

கேட்டவர்

உள்ளூர்க்காரர்களுக்குப் போதும் ஐயா. ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம். அதிலும் என் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். கடைக்கு ஒருமுறை வந்துபோனவர் என் எண்ணைச் சேமிப்பதில்லை.

பதில்: வாசகி, சிங்கப்பூர்

நான் உங்களைப் போன்ற கடைகளில் வாங்குகிறவள். முகவரி கேட்கும்போது எதற்கு என்று யாரும் சொல்வதில்லை, அதுதான் குறை. ரசீதுக்கு என்று கொடுத்ததை வைத்து வாரம் மூன்று விளம்பரம் அனுப்பினால் கோபம் வராதா? இந்தியாவில் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது: எந்த நோக்கத்துக்கு என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும், அதைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழிலும் தரலாம். இங்கேயும் 2007ஆம் ஆண்டின் ஸ்பாம் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. கேட்காதவர்களுக்கு 24 மணி நேரத்தில் நூற்றுக்கு மேல் அனுப்பினாலே அது மொத்த அஞ்சல் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் அம்மா. "சிறப்புத் தள்ளுபடி" என்ற தலைப்பை நான் திறப்பதே இல்லை. தறியில் இப்போது என்ன நிறம் ஓடுகிறது, எந்தக் கரை, எத்தனை சேலை வரும் என்று எழுதினால் அன்றைக்கே திறப்பேன். என் ஆயா கட்டிய அரக்குக் கட்டத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டவர்: ஐந்து வாரத்துக்குப் பிறகு

விலைக்கு வாங்கிய பட்டியலை அழித்துவிட்டேன். திரும்பி வந்த 131இல் 31 எங்கள் நோட்டு முகவரிகள். கூரியர் ரசீதுகளோடு ஒப்பிட்டதில் 19ஐத் திருத்த முடிந்தது. மீதி 12 பேரை விட்டுவிட்டேன். மனசு கேட்கவில்லை, வேறு வழியும் இல்லை.

புதிய டொமைனிலிருந்து 228 பேருக்கு, நாளுக்கு முப்பது நாற்பதாக ஒரே ஒரு கடிதம் போனது: "எங்கள் கடையில் முகவரி எழுதிக் கொடுத்தீர்கள். பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) முடிந்து புதுச் சேலை அறுக்கும்போது மட்டும் எழுதுவோம், மாதம் ஒன்றுக்கு மேல் வராது. விருப்பமானால் இங்கே அழுத்துங்கள்." 88 பேர் அழுத்தினார்கள். அழுத்தாதவர்களுக்கு இனி எழுதப்போவதில்லை. கியூஆர் அட்டைக்குக் கீழேயும் இதே வாசகத்தைத் தமிழில் அச்சிட்டிருக்கிறேன். அதன் வழியாக 17 பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர் சகோதரிக்கு: அரக்குக் கட்டம், மஞ்சள் கரை, புதிய பாவு தறி ஏறிவிட்டது. முதல் சேலை அறுக்கும் அன்று காலையில் பட்டியலுக்குக் கடிதம் வரும்; நீங்களும் சேர்ந்துகொண்டால் மகிழ்வேன்.