அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய்; சிகிச்சை மட்டும் ஏன் வேறு வேறு?

கேள்வி: கோத்தகிரி வாசகி

வணக்கம். கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு வயது 54. மார்பில் இருந்த கட்டியிலிருந்து ஊசி மூலம் சதை எடுத்துக் கோயம்புத்தூரில் பரிசோதித்ததில், ‘இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 2, ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2: 2+’ என்று அறிக்கை வந்துள்ளது. கூடலூரில் இருக்கும் என் சித்திக்கு (அம்மாவின் தங்கை) 43 வயதில் இதே நோய் வந்தபோது ‘டிரிபிள் நெகட்டிவ்’ என்றார்கள். கீமோவும் அறுவை சிகிச்சையும் நடந்தன, மாத்திரை எதுவும் தரவில்லை. அம்மாவுக்கோ ஐந்து ஆண்டுகளாவது மாத்திரை உண்டு என்றும், இன்னொரு பரிசோதனை முடிவு வந்த பிறகே மற்றவற்றைச் சொல்ல முடியும் என்றும் மருத்துவர் கூறுகிறார். சித்திக்குக் கொடுத்த மருந்தையே கேட்டு வாங்கும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். ஒரே நோய்க்கு ஏன் இந்த வேறுபாடு? கிரேடு 2 என்றால் நோய் இரண்டாம் நிலைக்குப் போய்விட்டது என்று பொருளா?

பதில்: ஆய்வகப் பணியாளர், குன்னூர்

சகோதரிக்கு வணக்கம். நோய்க்கூறியல் ஆய்வகத்தில் பணியாற்றுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். மருத்துவர் காத்திருக்கச் சொல்வது முற்றிலும் சரி. உங்கள் கையில் உள்ள அறிக்கை இன்னும் முழுமை பெறவில்லை.

பால் நாளத்தின் உட்சுவரில் தோன்றி, அதைத் தாண்டி அடுத்துள்ள திசுவுக்குள் புகுந்த புற்றுதான் அம்மாவுக்கு வந்துள்ள டக்டல் வகை. ஊடுருவும் மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இவ்வகையே. சித்திக்கும் இதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் எந்த மருந்து என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, புற்றுச் செல்களில் எந்த ஏற்பிகள் (ஹார்மோன் போன்றவற்றின் தூண்டுதலைப் பெறும் புரதங்கள்) இருக்கின்றன என்பதே. ஈஸ்ட்ரோஜன் (ஈ.ஆர்.), புரோஜெஸ்டிரோன் (பி.ஆர்.) ஏற்பிகள் இருந்தால் அச்செல்கள் ஹார்மோனின் தூண்டுதலால் வளர்கின்றன என்று பொருள். அதைத் தடுக்கும் டமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் நல்ல பலன் தரும். இவ்விரு ஏற்பிகளும் இல்லாமல், செல்களை வளரத் தூண்டும் ஹெர்-2 புரதமும் மிகுந்திராததே டிரிபிள் நெகட்டிவ். சித்தியின் நோய்க்கு அந்த மாத்திரையால் பயனில்லை என்பதால்தான் தரவில்லை. அவருக்குக் கொடுத்ததை அப்படியே அம்மாவுக்குக் கேட்பது, அம்மாவுக்குக் கிடைக்கவேண்டிய நன்மையை இழப்பதாகிவிடும்.

இனி, அந்த 2+. ஹெர்-2 புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்த்து 0 முதல் 3+ வரை மதிப்பிடுகிறோம். 0, 1+ நெகட்டிவ், 3+ பாசிட்டிவ், 2+ எந்தப் பக்கமும் சேராதது. ஃபிஷ் என்னும் சோதனையில் ஹெர்-2 மரபணுவின் நகல்களை எண்ணித்தான் முடிவு சொல்ல முடியும். பாசிட்டிவ் என்று வந்தால், 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைக் கீமோவுடன் சேர்த்து, வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை என ஓராண்டு வரை செலுத்துவார்கள். அது இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இடையிடையே எக்கோ எடுப்பார்கள்.

எடுத்த சதை, ஒரு சிறு பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகுக்குள் பதிக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு ஆய்வகத்தில் இருக்கும். ‘பிளாக்’ என்று கேளுங்கள். ஃபிஷ் சோதனையை வேறிடத்தில் செய்வதானால் அதையே கொண்டுபோகலாம். அதில் போதிய சதை இருக்கும்வரை அம்மாவுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. வெயில் படாமல், கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேடு வேறு, நிலை வேறு. செல்களின் தோற்றமும் பெருகும் வேகமும் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன என்பது கிரேடு. 2 என்றால் நடுத்தரம். நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதே நிலை.

பதில்: வெலிங்டன் வாசகி

எனக்கு வந்தது, பால் சுரக்கும் சிறு சுரப்பிகளில் தோன்றும் லோபுலர் வகை. கையில் உருளும் கட்டி எதுவும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் சதை தடித்தாற்போல இருந்தது. மேமோகிராமில் தெளிவாகத் தெரியாமல், எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே அதன் உண்மையான அளவு தெரிந்தது. இதைப் படிக்கும் பெண்கள் கட்டி இல்லை என்பதற்காக இருந்துவிட வேண்டாம். மார்பு சிவந்து வீங்கி, தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழி குழியாக மாறினாலும் உடனே காட்டுங்கள். கட்டியே இல்லாமல் வேகமாகப் பரவும் அழற்சி வகை ஒன்று உண்டு.

பதில்: செவிலியர், உதகை

ஒன்றை யாரும் குறிப்பிடவில்லை. 43 வயதில் டிரிபிள் நெகட்டிவ் வந்த சித்திக்கு பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை (பரம்பரையாக மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாற்றம் உள்ளதா என்று பார்ப்பது) செய்தார்களா?

கோத்தகிரி வாசகி

இல்லை. அம்மாவுக்குச் செய்தால் போதாதா?

செவிலியர், உதகை

இளம் வயதில் வந்ததாலும், டிரிபிள் நெகட்டிவ் வகை பி.ஆர்.சி.ஏ.1 மாற்றத்தோடு அதிகம் தொடர்புடையது என்பதாலும் சித்தியிடம் தொடங்குவதே நல்லது. இரத்தத்திலேயே பார்த்துவிடலாம். அவரிடம் மாற்றம் இருந்தால், அதே மாற்றம் உள்ளதா என்று மட்டும் அம்மாவுக்குப் பார்க்கலாம். அம்மாவுக்கும் இருந்தால் உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. சித்தியின் பழைய அறிக்கைகளை அடுத்த முறை அம்மாவின் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சோதனைகளில் எவை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.