எந்த மலை குரு இவர்? சீனக் கதைகளோடு வளர்ந்து ஃபேண்டசியைச் சந்தித்தவர்கள்

ஈப்போவிலிருந்து

நான் ஈப்போவின் புந்தோங் பகுதியில் வளர்ந்தவள். ஆறாம் ஆண்டு வரை சீனப்பள்ளி. மலேசியாவில் சீனப்பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றும் அபூர்வமில்லை. வீட்டில் தமிழ், வகுப்பில் மாண்டரின், கடைத்தெருவில் கண்டோனீஸ் என்று நாக்கு தானாக மாறிக்கொள்ளும். விக்கிரமாதித்தன் கதையெல்லாம் அம்மா சொல்லித் தெரியும். ஆனால் நான் ஊறிப்போனது ஜின் யோங்கின் கதைகளில்.

தெரியாதவர்களுக்கு: 1955 முதல் 1972 வரை ஹாங்காங் பத்திரிகைகளில் வாள்வீரர் தொடர்கதைகள் எழுதியவர் அவர். 1959-இல் அவர் தொடங்கிய 'மிங் பாவ்' நாளிதழில் முதல் இதழிலிருந்தே அவருடைய கதை ஓடியது. அந்தக் கதைகளை ஹாங்காங்கின் டிவிபி தொலைக்காட்சி தொடர்களாக எடுக்கும், கேசட்டாக எங்கள் தெரு வீடியோ கடைக்கு வரும். 1983-இல் வந்த 'கழுகு எய்த வீரர்கள்' தொடரைத் தோழியின் பாட்டி மறுபடி மறுபடி வாடகைக்கு எடுப்பார். அவரை நாங்கள் எல்லாருமே போபோ (பாட்டி) என்போம்.

அதன் நாயகன் குவோ ஜிங் கொஞ்சம் மந்தம். ஏழு குருமார் சேர்ந்து சொல்லிக் கொடுத்தும் தேறாதவன். பிறகு பிச்சைக்காரர் சங்கத் தலைவர், நாயகியின் சமையலுக்கு மயங்கி, தன் வித்தையை அவனுக்குக் கற்றுத் தருகிறார். படிப்படியாக மேலே வருவான். கதை நடப்பது தென் சோங் வம்சத்தின் காலம். செங்கிஸ் கான் ஒரு பாத்திரம். 1222-இல் செங்கிஸ் கானை நிஜமாகவே போய்ப் பார்த்த தாவோ துறவி சியூ சூஜியும் ஒரு பாத்திரம். பறந்து பறந்து சண்டை போடுவார்கள், ஆனால் காலடியில் இருப்பது உண்மையான சீனா.

2001 கடைசியில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் படம் வந்தது. தீய சக்தி கொண்ட மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்க ஃப்ரோடோ என்ற எளியவன் போகும் கதை. தியேட்டரில் பார்த்த பிறகு பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சீன சப்டைட்டிலோடு விசிடி கிடைத்தது (எப்படிப்பட்ட விசிடி என்று கேட்காதீர்கள்). தோழி வீட்டில் போட்டோம். போபோவும் வந்து உட்கார்ந்தார். வெள்ளைத் தாடி மந்திரவாதி காண்டால்ஃப் வந்ததும் அவருடைய முதல் கேள்வி: "இவர் எந்த மலை குரு?" எங்கள் கதைகளில் ஒவ்வொரு குருகுலத்துக்கும் ஒரு மலை உண்டு; வூடாங்கா, ஹுவாஷானா என்று தெரியாமல் அவரால் மேற்கொண்டு நகர முடியவில்லை. பனிமலையில் எல்லாரும் இடுப்பளவு புதைந்து நடக்க, லெகொலாஸ் என்ற எல்ஃப் (சாகாத இனத்தவன்) மட்டும் பனியின் மேல் சாதாரணமாக நடந்து போவானே, அதற்குப் போபோ கண்ணைக்கூட இமைக்கவில்லை. "நல்ல ஹெங் கொங்" என்றார். உடம்பை இலேசாக்கும் அந்த வித்தையில், பனியில் தடம் பதியாமல் நடப்பது எங்கள் தொடர்களில் பழைய சரக்கு.

மந்திரவாதி, அரக்கன், சாகாவரம் எதுவுமே எங்களுக்குப் புதிதில்லை. கழுகுகள் பிரச்சினையும் எங்களைத் தொடவில்லை. கழுகின் மேல் ஏறிப் போய் மோதிரத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று உலகமே கேட்கிறது. 'மேற்குப் பயணம்' என்ற பழைய சீனக் கதை, புத்தரைத் தேடிப் போகும் துறவியின் கதை, தெரிந்த குழந்தை அதைக் கேட்காது. துறவியின் குரங்குச் சீடன் சுன் வூகொங் ஒரே குட்டிக்கரணத்தில் 1,08,000 லீ (சீன தூர அளவு) தாண்டுவான். புத்தர் இருக்கும் இடத்துக்கும் சரியாக அதே தூரம்தான். இருந்தும் துறவியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. துறவி நடந்தே தீர வேண்டும், 81 இடர்களையும் பட்டே தீர வேண்டும்.

போபோவை உண்மையில் தொந்தரவு செய்தது ஃப்ரோடோ. "இந்தப் பையன் எப்போது கற்றுக்கொள்ளப் போகிறான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று பாகமும் முடிந்தும் அவன் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. குகைக்குள் விழுந்து ரகசியச் சுவடி எடுக்கவில்லை, கிழவர் யாரும் உள்சக்தியை அவனுக்கு ஏற்றிவிடவில்லை. போகப் போகத் தேய்கிறான். எங்கள் கதைகளில் வாளுக்கும் சுவடிக்கும் ஊரே அடித்துக்கொள்ளும், கடைசியில் தகுதியானவன் கைக்கு அது வரும். இங்கே தகுதியானவன் என்று ஒருவனே இல்லை, அதனால் பொருளை அழிக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். இதை உள்வாங்க எனக்கு நாளாயிற்று. போபோ கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

புத்தகம் அப்புறம்தான் படித்தேன். இது எந்த வம்சத்தில் நடக்கிறது என்று தேடியபடியே படித்தேன், பழக்கதோஷம். பின்னிணைப்புக்கு வந்தால் அரசர் வரிசை, ஆண்டுக்கணக்கு எல்லாம் இருக்கிறது. ஜின் யோங்குக்குச் சோங் வம்சம் தயாராக இருந்தது. இதை எழுதிய டோல்கீன் உட்கார்ந்து ஒரு சோங் வம்சத்தையே உண்டாக்கியிருக்கிறார்! மந்திரத்தைவிட அதுதான் எனக்கு மலைப்பு.

சிங்கப்பூரிலிருந்து

அக்கா, உங்கள் போபோவுக்கு என் வணக்கம். என் கதை டிராகனோடு தொடங்குகிறது. நான் 1988-இல் பிறந்தவன், சீனக் கணக்கில் டிராகன் ஆண்டு. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருந்த சீன ஆன்ட்டிகள் அம்மாவிடம் "நல்ல ஆண்டில் பெற்றிருக்கிறாய்" என்று பெருமையாகச் சொல்வார்களாம். எனக்கும் அந்தக் கெத்து ஒட்டிக்கொண்டது.

ஹாவ் பார் வில்லா போயிருக்கிறீர்களா? டைகர் பாம் தைல முதலாளி 1937-இல் கட்டிய தோட்டம். நரகத்தின் பத்து நீதிமன்றங்கள், சுன் வூகொங், டிராகன் அரசன் என்று எல்லாம் பளீர் வண்ணச் சிமென்ட் சிலைகள். சின்ன வயதில் நரகத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி அழுதிருக்கிறேன். ஆனால் டிராகன்களைப் பார்த்துப் பயந்ததே இல்லை. அவை கடலுக்கடியில் அரண்மனை கட்டி வாழும், மழை பெய்விக்கும், மரியாதையான ஆட்கள்.

டோல்கீனின் 'ஹாபிட்' புத்தகத்தை உயர்நிலைப்பள்ளி நூலகத்தில் எடுத்தேன் (அதுவும் 1937-இல் வந்ததுதான், பாருங்கள்). தங்கக் குவியல்மேல் படுத்துக்கிடக்கும் டிராகன் ஸ்மாக், ஊரை எரிக்கிறது, அம்பு பட்டுச் செத்து ஏரியில் விழுகிறது. என் ஆண்டு! கோபம்தான் வந்தது.

அதற்காகச் சீனக் கதையில் டிராகனை யாருமே தொடவில்லை என்று சொல்லவில்லை. குழந்தை நேஜா, கிழக்குக் கடல் அரசனின் மூன்றாவது மகனைக் கொன்று நரம்பையே உருவி எடுப்பான். ஆனால் அதோடு விஷயம் முடியாது. செத்தவனின் அப்பா மேலுலகத்துக்குப் புகார் கொண்டுபோவார், விவகாரம் நேஜாவின் அப்பா தலையில் வந்து விழும். டிராகனுக்குக் குடும்பம் உண்டு, பதவி உண்டு, மேலதிகாரி உண்டு. ஸ்மாக்குக்காகப் புகார் கொடுக்க ஒருவரும் இல்லை. பாவம்!

தைவான் சின்சுவிலிருந்து, வேலை நிமித்தம்

என்னுடையது கேட்ட கதை. அலுவலகத்தில் என் வயதுள்ள தைவான் நண்பர் ஒருவர். ஃபேண்டசிக்குள் அவர் வந்தது படம் வழியாக இல்லை, கணினி விளையாட்டு வழியாக. 1995-இல் தைவானிலேயே உருவான வாள்வீரர் விளையாட்டு ஒன்றில் தொடங்கி, ஆங்கில விளையாட்டுகளுக்குப் போய், அதில் வரும் எல்ஃப் யார், குள்ளர் யார் என்று தேடித் தேடிப் புத்தகத்துக்கு வந்திருக்கிறார்.

அவர் படித்தது சூ சுவேஹெங் மொழிபெயர்த்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. அந்த சூவும் மின்பொறியியல் படித்த விளையாட்டுப் பைத்தியம்தான். புத்தகம் வந்த நேரமும் படம் வந்த நேரமும் ஒன்றாக அமைய, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. கிடைத்த பணத்தில் ஃபேண்டசிக்காக ஒரு அறக்கட்டளை வைத்தார், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு சீனத்தில் கொண்டுவந்தார். அந்தப் பாடங்களை வைத்துத்தான் தேர்வில் தப்பித்தேன் என்கிறார் நண்பர். ஃப்ரோடோவின் புண்ணியத்தில் ஒரு பொறியாளர்!

ஃப்ரோடோ தேய்வதைப் பற்றி அவரிடமும் கேட்டேன். எல்ஃப்கள்தான் அவருக்கு உறுத்தலாம். "பிறப்பிலேயே சாகாவரமா? எங்கள் ஆட்கள் அதற்கு ஆயிரம் வருஷம் தவம் கிடக்கிறார்களே" என்றார்.

மறுபடி ஈப்போ

சிங்கப்பூர்த் தம்பிக்கு: அந்த நேஜா நமக்குத் தூரத்துச் சொந்தம். குபேரனின் மகன் நளகூபரன் பௌத்த நூல்கள் வழியாகச் சீனம் போய் நேஜாவானான் என்பது ஆய்வாளர்கள் சொல்வது. உரலில் கட்டப்பட்ட கண்ணன் இரட்டை மருத மரங்களைச் சாய்த்தபோது சாபம் நீங்கி வெளியே வந்த இருவரில் ஒருவன்தான் நளகூபரன். அம்மாவிடம் சொன்னேன். "நம்ம குபேரன் பிள்ளையா இப்படி நரம்பை உருவினான்?" என்று முகம் சுளித்தார்.

சின்சு நண்பரே, அந்த மொழிபெயர்ப்பு அங்கே பழைய புத்தகக் கடைகளில் கிடைக்குமா? நாங்கள் படித்தது எளிமையாக்கிய சீன எழுத்து, ஆனாலும் தைவானின் மரபு எழுத்தைச் சமாளித்துவிடுவேன். தபால் செலவு என்னுடையது.