மறு: 'ட்ரவுவர்ஆர்பைட்': துக்கப்பணி வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டின் 'ட்ரவுவர்ஆர்பைட்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு ('ட்ரவுவர்' துக்கம், 'ஆர்பைட்' வேலை) தமிழில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ஃப்ராய்டின் 'ட்ரவும்ஆர்பைட்'டுக்குக் 'கனவுப்பணி' என்று வைத்துவிட்டோம். இதற்கும் 'துக்கப்பணி' என்றால் சீராக இருக்கும்.

நீங்கள் சொல்லும் சீர்மை புரிகிறது, ஐயா. முற்பாதி மிகப் பொருத்தம்கூட. 'ட்ரவுவர்' மனத்தின் வேதனையையும் குறிக்கும், அதை வெளியே அனுசரிப்பதையும் குறிக்கும். நம் 'துக்கம்' அப்படியேதான்: துக்கம் தொண்டையை அடைக்கும், துக்கம் விசாரிக்கவும் போவோம். ஆனால் 'பணி' சேர்ந்ததும் பந்தல் போடுவதும் நாற்காலி இறக்குவதும்தான் என் கண்ணில் வருகிறது.

> 'காரியம்' என்ற சொல் இருக்கிறதே?

இந்த யோசனை என்னை இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தது. ஒருவர் இறந்தபின் செய்வதற்கு, வேலை என்று பொருள்படும் சொல்லையே நம்மவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் காரியம் பதினாறாம் நாள் முடிந்துவிடும். 1917-இல் வெளிவந்த ஃப்ராய்டின் 'துக்கமும் மெலங்கோலியாவும்' (மெலங்கோலியா என்பது ஆழ்ந்த மனச்சோர்வு நிலை) கட்டுரை பேசும் வேலை அப்போது சரியாகத் தொடங்கியே இருக்காது. ஆள் இல்லை என்று நடப்பு சொல்கிறது, மனம் ஒப்புவதில்லை. அவரோடு பிணைந்த நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றிலும் வைத்த பற்றைத் தனித்தனியே விடுவிக்க வேண்டியிருக்கிறது. அம்மா போனபின் ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்கிய அன்று ஒருமுறை அழுதேன்; கேஸ் புத்தகத்தில் பெயர் மாற்றிய அன்று மறுபடி. ஒருமுறை அழுதது அடுத்ததற்கு உதவவில்லை. 'தனித்தனியே' என்று ஃப்ராய்ட் எதைச் சொல்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

ஆகவே உழைப்பும் தெரிய வேண்டும், மெதுவாக நடப்பதும் தெரிய வேண்டும். என் கண்ணுக்கு 'ஆற்று' என்ற வினை படுகிறது. பணியாற்று என்றால் செய்வது. சூட்டை ஆற்று என்றால் தணிப்பது. இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன. 'துக்கமாற்றுகை' என்று எழுதிப் பார்த்தேன். துக்கத்தை மாற்றுவது என்று படித்துவிடுவார்கள். 'ஆறுதல்' பிறர் வந்து சொல்வது, அதுவும் ஆகாது.

என் பரிந்துரை 'பிரிவாற்றுகை'. குறளின் 116-ஆம் அதிகாரம் 'பிரிவாற்றாமை'. எதிர்ப்பதம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் புதுச்சொல் காதுக்கு அந்நியமாக ஒலிக்காது.

> குறளில் பிரிந்தவர் திரும்பி வருவார். இறந்தவர் வரமாட்டார்.

நியாயமான தடை. ஆனால் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பாருங்கள்: 'பிரிவால் வாடும் குடும்பத்தார்'. இன்றைய வழக்கில் 'பிரிவு' மரணத்தையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஃப்ராய்டும் துக்கத்தை மரணத்தோடு நிறுத்தவில்லை. தாய்நாட்டையும் விடுதலையையும் இலட்சியத்தையும் இழப்பவர்களைச் சேர்த்தே பேசுகிறார். 'துக்கம்' என்றால் இழவு வீடுதான் நினைவுக்கு வரும், 'பிரிவு' அப்படி இல்லை.

ஒரு தயக்கம் எனக்கே உண்டு. 'ஆற்று' என்றதும் புண் ஆறித் தழும்பும் மறைந்துவிடும் என்று தோன்றலாம். 1917-இன் ஃப்ராய்டுக்கு அது ஒத்துவரும்: வேலை முடிந்தால் மனம் மீண்டும் விடுதலை பெறும் என்றார். 1920-இல் மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் இறந்தார். 1929-இல், அவள் இருந்திருந்தால் முப்பத்தாறு வயதாகியிருக்கும் நாளில், மகனை இழந்த நண்பரும் மனநல மருத்துவருமான பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும், அப்படி இருப்பதே சரி என்கிறார். இதனால்தான் 'ஆற்றல்', 'ஆற்றம்' எதுவும் இல்லாமல் '-கை' விகுதி கேட்கிறேன்; அதில் செயல் நடந்துகொண்டே இருக்கிறது.

இன்னொன்று. 'பிரிவாற்றாமை'யை மெலங்கோலியாவுக்கு வைக்கலாம் என்று யாரும் தாவ வேண்டாம். துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது; மெலங்கோலியாவில் 'நான்' வெறுமையாகிறது, இழந்தவர் மீதுள்ள கோபம் தன்மீதே திரும்புகிறது. அது ஆற்றமுடியாமை மட்டும் அல்ல. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

மூன்றாம் அத்தியாய வரைவில் 'பிரிவாற்றுகை' என்று போட்டு ஞாயிறன்று அனுப்புகிறேன். வாக்கியத்துக்குள் உறுத்தினால் அந்த இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள்.